பேசியவர் பட்டியல்: ஒரு நிர்வாகவியல் ஆய்வு

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒழுங்கு விதிகள் இருவகைப்படும்: அச்சானவை, அமலில் இருப்பவை. அச்சானவை பள்ளி டைரியின் முதல் சில பக்கங்களில் வரிசை எண்ணோடு கிடக்கும். நகம் வெட்டியிருக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதியிருக்க வேண்டும், நகை போட்டு அனுப்பினால் பள்ளி பொறுப்பல்ல, பெற்றோர் கேட்டைத் தாண்டி வரக்கூடாது. இவற்றை முழுதாக வாசித்தவர் உலகில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அவரும் நடுவில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார் என்பதற்கு அந்தப் பக்கத்தின் எழுத்துப்பிழைகளே சான்று.

அமலில் இருப்பது ஒரே விதி. பேசாதே.

இவ்விதியை மீறியவர்களின் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைப்பது மரபு. ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, அதன் கீழ் பெயர்கள். கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்று எதையும் விடாமல் படியெடுத்த நம் அறிஞர் பெருமக்கள் இந்தச் சாக்பீஸ் ஆவணத்தை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. ஆயுள் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நிற்கும். இது மிஸ் ஸ்டாஃப் ரூமிலிருந்து திரும்பி வரும்வரை நிற்கும். ஆனால் நிற்கிற அந்தக் கால் மணி நேரத்தில் இது உண்டாக்கும் பீதியை எந்தச் சோழர் கல்வெட்டும் உண்டாக்கியதில்லை.

ஆய்வின் எல்லை ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்புக்கு மேலும் பட்டியல் எழுதப்படுவது உண்மையே. ஆனால் அங்கே பெயர் வந்தவன் எழுந்து போய்த் தன் பெயரில் உள்ள ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு வருகிறான். பயம் போன இடத்தில் ஆய்வுக்கு என்ன வேலை?

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு மரபு. ‘பேசாதே’ என்பது ஒழுக்க விதி அன்று. பிள்ளைகளின் குணநலனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஆள் பற்றாக்குறைக்குப் போட்ட ஒட்டு.

எழும்பூர் மூலம்

இந்த முறைக்கு மூலம் எது என்று தேடிக்கொண்டு போனால், எழும்பூரில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் அங்கிருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஆனார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவது அவர் கண்ணில் பட்டது. செலவில்லாத ஏற்பாடு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஆசிரியர் ஒத்துவராத இடத்தில் எந்த நிர்வாகியும் செய்யக்கூடியதைத்தான் பெல்லும் செய்தார்: சம்பளம் கேட்காத ஆளைத் தேடினார். ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ எழுத்து சொல்லிக்கொடு என்றார். அவனும் சொல்லிக்கொடுத்துவிட்டான். கிளாஸ் லீடர் பிறந்தது இங்கேதான்.

1796-இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே இதையெல்லாம் லண்டனில் நூலாக வெளியிட்டார். பிள்ளையே பிள்ளைக்குப் பாடம் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு ‘மதராஸ் முறை’ என்று பெயர் விழுந்தது. 1811-இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி அதைத் தன் பள்ளிகளிலெல்லாம் புகுத்தியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மதராஸ் கல்லூரி’ என்றுதான் பெயர். நாம் 1996-இல் சென்னை என்று மாற்றிக்கொண்டதை யாரும் அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை போலும். பெல் 1832-இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஃபிரிஸ்கெனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வேலை பார்த்த லீடருக்கும் பெயர் வாங்கிய நிர்வாகத்துக்கும் உள்ள உறவு அன்றிலிருந்து மாறாமல் இருக்கிறது.

நமக்கு வேண்டிய சான்று பெல்லின் நூலில் ஓரமாக இருக்கிறது. எழும்பூர்ப் பள்ளியில் பிள்ளைகளின் தப்புத்தண்டாக்களைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு இருந்தது. பிள்ளைகள் அதற்குக் ‘கறுப்புப் புத்தகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை அதைப் பள்ளி முழுவதன் முன்னும் வாசித்து, பையன்களையே ஜூரியாக உட்காரவைத்துத் தீர்ப்புக் கேட்டார்கள். பேசியவர் பட்டியலின் மூலப்பிரதி இது என்பது என் துணிபு. இருநூறு ஆண்டுக்கு மேல் கைமாறிக் கைமாறி வந்ததில் புத்தகம் பலகையாகிவிட்டது. ஜூரி வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

பெல்லின் போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டர். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவர் தரப்பும் முட்டி மோதிக்கொண்டன. இரண்டு லீடர்கள் ஒரே வகுப்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே உதாரணம். லங்காஸ்டர், அடங்காத பிள்ளையைக் கூடையில் வைத்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டாராம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் என்று ஒன்று உண்டு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். கடல் கடந்த இரண்டு நாடுகள், ஒன்றையொன்று கலந்துகொள்ளாமலே, பிள்ளையைத் தரையிலிருந்து கிளப்பினால் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வந்திருக்கின்றன. ஒப்பியல் துறையினர் கவனிக்க வேண்டிய இடம் இது.

லீடர் என்னும் பதவி

வாத்தியார் இல்லாத நேரத்தில் வாத்தியாராக இருப்பவனுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று பெயர். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் இவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். திண்ணைகள் போய்விட்டன, சட்டாம்பிள்ளை மட்டும் போகாமல் அரசியல் தலையங்கங்களில் உயிரோடு இருக்கிறான்.

இன்றைய லீடரின் நியமனத்துக்கு எழுதிவைத்த தகுதி எதுவும் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு யார் நிற்கலாம் என்று எவ்வளவு கறாராகச் சொல்கிறது! வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால்வேலி நிலம். சொந்த மனையில் வீடு. மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவர் சொந்தபந்தமும் முடியாது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். சூது தெரியாத கை சிறுவனுடையது என்று பத்தாம் நூற்றாண்டுத் தமிழன் நம்பியிருக்கிறான். நான்காம் வகுப்பு லீடரோடு பழகாதவன்.

நம் லீடருக்குப் பதவிக்காலம் கிடையாது. ஒன்றாம் வகுப்பில் ஏறியவள் ஐந்தாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்வரை இறங்குவதில்லை. தேர்வு பெரும்பாலும் உயரத்தையும் குரலையும் பொறுத்தது. அனுபவசாலி ஆசிரியர்கள் சிலர், வகுப்பிலேயே வாய் ஓயாத பிள்ளையைப் பார்த்து லீடராக்கிவிடுகிறார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுக்கிற கதைதான். ஆனால் மற்ற வீடுகளில் திருட்டு நின்றுவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. மிஸ் வெளியே போன வகுப்பறையில் எழும் சத்தத்தில் பெரும்பங்கு, “பேசாதீங்க!” என்று லீடர் போடும் சத்தமே. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது வெறும் முணுமுணுப்பு. அடுத்த பங்கு புகார்தாரருடையது. “இவன் பேசுறான்” என்று சொல்லப் பேசியாக வேண்டும். “நான் பேசல, அவதான் பேசுனா” என்று மறுக்கவும் பேசியாக வேண்டும். ஆக, பேசாமை விதி அமலுக்கு வரும் கணத்தில்தான் பேச்சுக்கே விஷயம் கிடைக்கிறது. அதுவரை அவர்கள் மதியச் சாப்பாட்டில் இன்றைக்கு முட்டை உண்டா என்பதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் ஏன் வெளியே போனார்?

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்காதது வியப்பே. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் விடை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் ஆசிரியர் இரண்டு பேர். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இதை ஈராசிரியர் பள்ளி என்பார்கள். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருப்பார், அல்லது குறுவள மையக் கூட்டத்துக்குப் போயிருப்பார், அல்லது பள்ளியிலேயே இருந்து, சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் வருகைப் பதிவை ஏற்றிக்கொண்டிருப்பார். மிச்சம் இருப்பவர் ஒருவர். அவர் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லும்போது நான்காம் வகுப்பு என்ன செய்யும்? ஃபிரிஸ்கென் எழுந்து சாக்பீஸை எடுப்பான்.

ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று அதே அட்டவணை சொல்கிறது. அந்த 800-இல் எவ்வளவு மிஸ் நடத்தியது, எவ்வளவு லீடர் நடத்தியது என்று பிரித்துக் காட்டும் படிவம் ஏதும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது.

பாட ஆய்வு

மூலபாடம் ஒன்றை நேரில் காணும் வாய்ப்பு 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி, மக்களவைத் தேர்தலன்று கிட்டியது. தமிழ்நாட்டில் வயதுவந்த ஒருவர் தடையில்லாமல் தொடக்கப் பள்ளி வகுப்பறையை எட்டிப் பார்க்க முடிகிற நாள் வாக்குப்பதிவு நாள் மட்டுமே. வரிசை வராந்தாவில் வளைந்து நின்றது. சாவடியாக்கப்படாத பக்கத்து அறையின் ஜன்னல் திறந்திருந்தது. பலகையின் வலது மூலையில் ‘பதிவு 22, வருகை 19’. மேலே இனியவை கூறல் அதிகாரத்திலிருந்து ஒரு குறள். இடது ஓரத்தில், கூறியவர்களின் பெயர்கள்.

தலைப்பு ‘பேசியவர்கல்’ என்று இருந்தது. முதற்பெயர் கவின், பக்கத்தில் மூன்று பெருக்கல் குறிகள். யாழினிக்கு ஒன்று. அடுத்து ‘ரா. ஹரிணி’, குறி இல்லை. அதன் கீழே ஒரு பெயர் அழிக்கப்பட்டு, ‘மு.’ மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு தர்ஷன், இரண்டு குறிகள்.

குறிகளின் பொருள் வெளிப்படை. பெயர் எழுதிய பிறகும் பேசினால் ஒரு பெருக்கல். மறுபடி பேசினால் இன்னொன்று. கவினின் மூன்றாவது குறியில் சாக்பீஸ் முறிந்திருக்கிறது; கோடு பாதியில் நின்று, ஒரு புள்ளி தெறித்து, மீண்டும் தொடங்கியிருக்கிறது. எழுதியவரின் மனநிலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் எழுத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. முதலெழுத்தைப் போட்டு ஹரிணிகளைப் பிரித்திருப்பது சட்ட நுணுக்கம். ஆள்மாறாட்டத்தில் நிரபராதி மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற அக்கறை இருக்கிறது. ஆனால் ஒரு ஹரிணி பட்டியலில் இருக்கிறாள், இன்னொரு ஹரிணி அழிந்திருக்கிறாள் என்றால் என்ன பொருள்?

அழித்தலில் மூன்று வகை உண்டு. டஸ்டரால் அழித்திருந்தால் மேலிடத்து உத்தரவு. உள்ளங்கையால் அழித்திருந்தால் மன்னிப்பு. எச்சில் தொட்ட விரலால், நடுவில் மட்டும், சுற்றிலும் வெண்தூள் படியாமல் அழித்திருந்தால் அது ரகசிய உடன்பாடு. மு. ஹரிணி மூன்றாம் வகையில் விடுதலையானவள்.

பட்டியலின் அடியில், மற்ற பெயர்களை விட ஒரு முழம் தாழ்வாக, வேறு கையெழுத்தில், அவசரமாக ‘லீடர்’ என்று ஒரு சொல் இருந்தது. பக்கத்தில் எண்ண முடியாத அளவுக்குப் பெருக்கல் குறிகள். இது இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை. எழுத்தின் உயரத்தை வைத்துப் பார்த்தால், செருகியவர் வகுப்பிலேயே குள்ளமானவர். லீடர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நடந்திருக்க வேண்டும். இவ்வளவையும் கையில் இருந்த பூத் சிலிப்பின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தபோது, பணியிலிருந்த காவலர் “சார், லைன்ல நகருங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்றார். களப்பணி அத்துடன் முடிந்தது.

உடன்பாட்டின் விலைவாசி

ரகசிய உடன்பாட்டுக்கு விலை உண்டு. என் காலத்தில் சிலேட்டுக் குச்சி, உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்த் துண்டு, கமர்கட். இன்றைய நிலவரம் அறிய மூன்றாம் வகுப்பு படிக்கும் தகவலாளி ஒருவரை அணுகினேன். பாதுகாப்புக் கருதிப் பெயரைத் தவிர்க்கிறேன். என் தங்கை மகள் என்பதற்கு மேல் அடையாளம் எதுவும் தரமுடியாது.

“தேன்மிட்டாய் குடுத்தா பேரை அழிச்சிடுவாங்களா?” என்று கேட்டேன்.

“மாமா, மிட்டாய்லாம் யாரும் வாங்க மாட்டாங்க. ஸ்டிக்கர் குடுக்கணும். பளபளன்னு இருக்கிறது. ஒரு இன்ட்டுக்கு ஒண்ணு.”

“பேரே இல்லாம அழிக்கணும்னா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அதுக்கு ஃபிரெண்டா இருக்கணும்.”

நாணயம் மாறியிருக்கிறது, தேசிய நடைமுறை மாறவில்லை. இந்தப் பகுதியை இதற்கு மேல் நீட்ட விரும்பவில்லை. தகவலாளி லீடர் பதவிக்கு முயன்றுகொண்டிருக்கிறார்.

துணை விதிகள்

பேசாதே என்ற பெருவிதியின் கீழ் சில துணை விதிகள் உண்டு. கை கட்டு. வாயில் விரல் வை. குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சோதித்துப் பார்க்கும் அறிவியல் மனப்பான்மை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவருக்கு இருக்கும். குண்டூசி கைவசம் இல்லாததால் தகர ஜாமெட்ரி பாக்ஸைத் தள்ளிவிடுவார்.

சுண்டுவிரலை நீட்டினால் ஒண்ணுக்கு, இரண்டு விரலை நீட்டினால் மற்றது. வாய் மூடிய சமூகத்தில் உருவான இந்தச் சைகை மொழி தொற்றுத்தன்மை கொண்டது. ஒரு சுண்டுவிரல் எழுந்தால் அடுத்த நிமிடத்தில் ஒரு பெஞ்சே எழும். இது உண்மையான தேவையா, வராந்தாவின் கவர்ச்சியா என்று தீர்மானிக்கும் கருவி எந்த ஆசிரியரிடமும் கிடையாது. தவறாகத் தீர்மானித்தால் விளைவு ஈரமானது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் அனுப்பிவிடுகிறார்கள்.

அமைதி விதிக்கு அரசே சவால் விட்ட காலமும் ஒன்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்காரவைத்து, அட்டைகளைக் கொடுத்து, பேசிப் படியுங்கள் என்றது. சுவரைச் சுற்றித் தரையோரமாக, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகைகள் வந்தன. ஆளுக்கொரு பங்கு பலகை. நோக்கம், பிள்ளை தானே எழுதிப் பழகட்டும் என்பது. பேசியவர் பட்டியல் ஒழிந்தது என்றுதான் கல்வியாளர்கள் எண்ணியிருப்பார்கள். நடந்தது அதன் ஜனநாயகமயம்: ஆளுக்கொரு பலகை இருந்தபடியால் ஆளுக்கொரு பட்டியல். 2025 ஜூலையில் வகுப்பறைகளில் ‘ப’ வடிவில் பிள்ளைகளை உட்காரவைக்கும் யோசனை வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசி பெஞ்சு ஒழிவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்த பிள்ளைகளைப் பேசாதே என்று சொல்லப்போகும் லீடரின் நிலைமையை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தண்டனை

மேற்படி 2009 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள இந்தப் பிரிவு, அதற்கு முன் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையே வாய்மொழியாக நிலவிய ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே” என்பது அந்த ஒப்பந்தத்தின் முழு வாசகம். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே சொல்வார்கள். கண்ணை ஏன் விட்டார்கள் என்றால், படிக்க வேண்டுமல்லவா?

இப்போது பட்டியலில் பெயர் வந்தால் என்ன நடக்கிறது? மிஸ் உள்ளே வருகிறார். எல்லோரும் எழுந்து, இழுத்து இழுத்து வணக்கம் சொல்கிறார்கள். லீடர் பலகைக்குப் பக்கத்தில், தீர்ப்புக்குக் காத்திருக்கும் அரசு வழக்கறிஞரின் முகத்தோடு நிற்கிறாள். மிஸ் பலகையைப் பார்க்கிறார். “கவின், எந்திரி. ஏன்டா இப்படிப் பண்ற?” கவின் எழுகிறான், நெளிகிறான், உட்காருகிறான். மிஸ்ஸுக்கு வகுத்தல் கணக்குப் போட இடம் வேண்டும். டஸ்டரை எடுத்து ஒரே இழுப்பு. வழக்கு, சாட்சி, குற்றவாளி எல்லாம் வெண்தூள்.

எனவே தண்டனை என்பது பெயர் பலகையில் தொங்கிய நேரம் மட்டுமே. அதுவும் முதல் பெருக்கலுக்குத்தான் வலிக்கிறது. மூன்றாவதுக்குப் பிறகு கவின் பக்கத்துப் பெஞ்சில் தன் எண்ணிக்கையைச் சொல்லிக் காட்டத் தொடங்குகிறான். அச்சடிக்க அச்சடிக்க மதிப்புக் குறையும் என்ற பொருளாதார விதி ரூபாய்க்கு மட்டுமன்று. மதிப்புக் குறையாமல் இருப்பது ஒரே ஒரு பெருக்கல் வாங்கிய யாழினியின் கண்ணீர். அவள் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. தண்டனை தேவைப்படாத பிள்ளையை மட்டும் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் எவரோ, அவர் பிறகு வருமான வரித் துறைக்குப் போயிருக்க வேண்டும்.

குடும்பம்

பள்ளி விதிகள் குடும்பத்தையும் கட்டுப்படுத்தும் என்று டைரி சொல்கிறது. குடும்பத்துக்கும் அதே பெருவிதிதான். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் தகப்பன், ஆறடி ஆளாக இருந்தாலும், இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்ததும் தானாகக் கையைக் கட்டிக்கொள்கிறான். யாரும் சொல்லவில்லை. மிஸ் சொல்வதும் எல்லோருக்கும் ஒன்றுதான்: “நல்லாத்தான் படிக்கிறான் சார். ஆனா பேச்சு ஜாஸ்தி.” அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். அவன் வம்சம் அப்படி என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். டைரியில் சிவப்பு மையில் ‘டாக்கேட்டிவ்’ என்று எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்துப் போடுவது யார் என்று வீட்டில் நடக்கும் விவாதம், அந்தச் சொல்லுக்கு மேலும் ஆதாரம் சேர்க்கிறது.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, பெற்றோர் பேசலாம் என்று நாடாளுமன்றமே அனுமதி கொடுத்திருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் பேச்சைத் தலைமையாசிரியரிடம் விட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறார்கள். தொடக்கப் பள்ளிப் பயிற்சி அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

அண்மைக்காலக் களம் வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்று. முதல் வாரம் சுதந்திரமாக இருந்தது. குட் மார்னிங் ரோஜாப்பூக்கள், வீட்டுப்பாடம் என்ன என்ற கேள்வி, அதே கேள்வி மறுபடி, தவறுதலாக வந்த காய்கறிப் பட்டியல். இரண்டாம் வாரம் மிஸ் அமைப்பை மாற்றினார்: இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். நாற்பது குடும்பங்கள் ஒரே நேரத்தில் வாயில் விரல் வைத்தன. பெற்றோர் கலங்கவில்லை, மிஸ் இல்லாத இன்னொரு குழுவை அன்றிரவே தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய அம்மாள் தம்மைத் தாமே அட்மின் ஆக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் அவரும் “தேவையில்லாம மெசேஜ் போடாதீங்க, ரிமூவ் பண்ண வேண்டியிருக்கும்” என்று எழுதினார்.

இங்கே கருதுகோளை முடித்துக்கட்டும் சான்று கிடைக்கிறது. வீடும் ஓர் ஈராசிரியர் பள்ளிதான். இருவரில் ஒருவர் எப்போதும் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போயிருப்பார். மற்றவர் அடுப்படியில் இருப்பார். மிஞ்சுகிற பிள்ளையை நிர்வகிக்க அங்கேயும் கைவசம் இருப்பது அந்த ஒரே விதி.

தகவலாளியின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் சார்ட் கொண்டுபோக வேண்டும். என்ன நிறம் என்று தெரியவில்லை. மிஸ்ஸின் குழுவில் கேட்க வழியில்லை. இரண்டாவது குழுவில் கேட்டார்கள். மஞ்சள் என்றார் ஒருவர். பச்சை என்று தம் மகன் சத்தியம் செய்வதாக ஒருவர். சென்ற வருடத்து மிஸ் வெள்ளைதான் கேட்டார் என்று ஒருவர். ஸ்டேஷனரி கடை பத்து மணிக்குச் சாத்திவிடுவான் என்று ஒருவர் எச்சரித்தார். என் மைத்துனர் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றுகொண்டு மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று வாங்கிவிடும் முடிவுக்கு வந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த தகவலாளியிடம் ஆய்வாளன் என்ற முறையில் நான் கேட்டேன்: “என்ன கலர்னு உனக்குத் தெரியுமா?”

“பிங்க் மாமா. வெள்ளிக்கிழமையே மிஸ் சொன்னாங்க. நான் அம்மாகிட்ட சொன்னேன், பேசாம சாப்பிடுன்னாங்க. அப்பாகிட்ட சொன்னேன், போன்ல இருக்கேன்ல, பேசாதன்னாங்க.”